உள்ளது உள்ளபடி விற்கப்படும்

அரசாங்க வீட்டை விற்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரே உட்கார்ந்து கண்ணைக் கசக்க வீட்டுக்காரன் இருக்கமாட்டான். இது ரால்ஃப் பெட்ரெல்லா அடிக்கடி சொல்லும் வாசகம். யங்ஸ்டவுனில் இரும்பாலைகள் என்றைக்கோ போய், கார் கம்பெனியும் ஆட்டம் கண்டு, தவணை கட்ட முடியாமல் ஜனங்கள் வீட்டை விட்டுப் போன வருஷங்களில் மற்ற தரகர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரால்ஃப் மட்டும் கொழுத்தான். அரசாங்கம் ஜாமீன் நின்ற கடனுக்காக வங்கி பிடுங்கிய வீடு அரசாங்கத்தின் கைக்கு வரும். அரசாங்கம் அதைக் கம்ப்யூட்டரில் ஏலத்துக்கு விடும். வாங்க நினைப்பவன் தானாகக் கேட்க முடியாது. அரசாங்கத்திடம் பதிந்து எண் வாங்கிய தரகன் வழியாகத்தான் கேட்கவேண்டும். ரால்ஃபிடம் அந்த எண் இருந்தது. சாவியும் இருந்தது. மாவட்டத்தில் இருந்த அரசாங்க வீடு அத்தனைக்கும் ஒரே சாவிதான். பெட்ரோல் போடும்போதுகூட அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருப்பான்.

ஹேசல்டைன் தெருவில் இருந்த செங்கல் வீட்டின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். எமில் கோவாச்சின் வீடு அது. எமில் நுரையீரல் வியாதியோடு இரண்டு வருஷம் போராடிச் செத்தான். சேமிப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது, அதன் பின்னாலேயே வீடும் போனது. அவன் மனைவி தெல்மாவுக்கு அறுபத்து நாலு வயது. மகள் ஜோலீனோடு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தாள். ஜோலீன் முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளராக வேலை பார்த்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் மாதா கோயில் கூடத்தில் வறுத்த மீனும் பியரோகியும் போடுவார்கள். உருளைக்கிழங்கு வைத்த அந்தக் கொழுக்கட்டைக்கு ஓரம் மடிப்பதில் தெல்மாவை அடிக்க ஆள் கிடையாது. அன்றைக்குத் தட்டை நீட்டிக்கொண்டு ரால்ஃப் வரிசையில் நின்றபோது அவள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"ரால்ஃப் தம்பி, என் வீட்டை ஏலத்துல போட்டுட்டாங்களாமே?"

"போட்டாச்சுக்கா. முந்தாநாள்."

"ஜோலீனுக்குக் கடன் தர்றோம்னு பேங்குல லெட்டர் குடுத்திருக்காங்க. முப்பத்தெட்டாயிரம் டாலர் வரைக்கும். அவ பேருல கேட்டா தப்பில்லையே?"

"இதுல தப்பு எங்க வந்துச்சு? அவ குடியிருக்கப் போறவ. முதல் முப்பது நாள் குடியிருக்கப் போறவங்க மட்டும்தான் கேக்கலாம். வாங்கி வாடகைக்கு விடற முதலைங்க கரையில உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த முதலைகளில் ஒன்று ரால்ஃபின் மைத்துனன் டேல் என்பது அவர்களுக்குத் தெரியும். டேல் வாங்கும் வீடுகளில் ரால்ஃபுக்குப் பாதிப் பங்கு என்பது யாருக்கும் தெரியாது. தெல்மா சந்தோஷத்தில் அவன் தட்டில் இரண்டு பியரோகி கூடப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மூவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. ரால்ஃப் பூட்டைத் திறந்து சேற்றுக் காலோடு உள்ளே நடந்தான். தெல்மா வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள்.

"அம்மா, சூடு போடாத வீடு. தரை ஐஸா இருக்கு. போட்டுக்கோ," என்றாள் ஜோலீன்.

"இருக்கட்டும்டி."

சமையல் மேடையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அரசாங்க வீட்டுக்குள் கால் வைக்கிற எவனும் அதில் பேர், தேதி, நேரம், வந்த காரியம் எல்லாம் எழுதவேண்டும். பாதிப் பேர் எழுதமாட்டார்கள். தெல்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாள்.

ரால்ஃப் எத்தனையோ காலி வீடு பார்த்தவன். தெருவுக்குத் துரத்தப்படுகிறவன் சும்மா போகமாட்டான். செப்புக் குழாயை அறுத்து விற்றுவிட்டுப் போவான், கழிவுக் குழாயில் சிமென்ட் கரைத்து ஊற்றிவிட்டுப் போவான், சுவரில் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போவான். இந்த வீட்டில் மரத்தரை மெழுகு பூசிப் பளபளத்தது. அடுப்பில் பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஜன்னல் கண்ணாடிகூடத் துடைத்திருந்தது.

"வீட்டைக் காலி பண்ண ஷெரிஃப் வர்றதுக்கு முந்தின நாள் முழுக்கத் துடைச்சேன். வர்றவங்க நம்மள என்ன நினைப்பாங்க?" என்றாள் தெல்மா.

ரால்ஃபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, நீங்களே உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க. விலை போட வந்த அரசாங்க ஆள் ஊரோட தெற்குப் பக்கத்துல இப்படி ஒரு வீட்டைப் பாத்ததே இல்லையாம். நாப்பத்தாறாயிரம் போட்டுட்டான். நீங்க மட்டும் நாலு கண்ணாடியை உடைச்சிட்டுப் போயிருந்தா இந்நேரம் முப்பதுக்கு வந்திருக்கும்."

தெல்மா துடைத்து வைத்த அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பெருக்கியதற்குத் தண்டனை உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்றைக்கே ரால்ஃப் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஏலம் கேட்டான். மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் 'நிராகரிக்கப்பட்டது' என்றது. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பது நாளில் எவனும் எடுக்காவிட்டால் அரசாங்கம் தானாகவே விலையைக் குறைக்கும். கேட்கும் விலைக்குக் கொஞ்சம் கீழே கேட்டாலும் கொடுக்கும். அந்தத் தெருவில் நாற்பத்தாறு கொடுக்க எந்தப் பைத்தியக்காரனும் இல்லை. ஆக, தெல்மா செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா பியரோகி மடித்துக்கொண்டு ஒரு மாசம் இருந்திருந்தால் அதே கடன் கடிதத்தோடு வீடு அவள் கைக்கு வந்திருக்கும். ரால்ஃபுக்கு இது அட்சரம் பிசகாமல் தெரியும். வாயைத் திறக்கவில்லை, பாவி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை மாடிக்குப் போனான். ஜோலீன் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. தெல்மா காப்பி ஊற்றினாள்.

"விலை எப்பத்தான் இறங்கும் தம்பி?"

"அதெல்லாம் வீட்டோட நிலைமையைப் பொறுத்ததுக்கா. பின்தெரு நோவாக் வீடு ஞாபகம் இருக்கா? இதே அளவு, இதே செங்கல். போறப்ப பாய்லரை நொறுக்கிட்டான், குழாயை அறுத்துட்டான். பதினாலாயிரத்துக்கு வந்துடுச்சு."

"அடக் கடவுளே."

"கடவுளை ஏன் கூப்பிடறீங்க? வாங்கினவன் சிரிச்சுக்கிட்டே வாங்கினான். பாய்லரை அப்புறமா நிதானமா மாட்டிக்கிட்டான்."

தெல்மா கரண்டியால் காப்பியை ரொம்ப நேரம் கலக்கினாள். சர்க்கரை போட்டிருக்கவே இல்லை.

"அப்ப நாமளே ஏதாவது…"

"அக்கா!" ரால்ஃப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "என் காதுல அதைப் போடாதீங்க. நான் லைசென்ஸ் வச்சுப் பொழைக்கறவன். அரசாங்கச் சொத்து அது. சேதப்படுத்தினா ஜெயில்."

"இல்ல தம்பி, சும்மா ஒரு பேச்சுக்கு…"

"பேச்சுக்குக்கூட வேணாம்." எழுந்து கோட்டை மாட்டினான். சாவி மேஜையில் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்தான். அவள் அதைப் பார்ப்பதையும் பார்த்தான். "நாளைக்கு மத்தியானம் இந்தப் பக்கம் வருவேன். ஏதாவது மறந்து வச்சிருந்தா வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஹேசல்டைன் தெருவின் எதிர்ப்பக்கத்தில், இடிந்துபோன ஒரு கராஜின் நிழலில் அவன் வண்டி நின்றது. ஒரு கையில் காப்பி, மடியில் டோனட். தெல்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள். எமிலின் கருவிப் பை அவள் தோளை ஒரு பக்கமாக இழுத்தது. நடுவில் இரண்டு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கினாள். வாசலில் நின்று அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினாள்.

வாயில் இருந்த டோனட்டோடு ரால்ஃப் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சம்மட்டிச் சத்தம் முதலில் தயங்கித் தயங்கிக் கேட்டது. ஒரு அடி, வெகுநேரம் மௌனம், மறுபடி ஒரு அடி. அரை மணிக்குப் பிறகு அது ஒரு கதிக்கு வந்தது. வீட்டுக்கே சூடு தரும் பாய்லரின் வார்ப்பிரும்பு பிளந்த சத்தம் தெருவரைக்கும் வந்தது. அடுத்தது குழாய் அறுக்கும் ரம்பம். மூன்று மணி நேரம் உடைத்தாள். எமில் தன் கையால் மாட்டியதை, இருபது வருஷம் ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் இரண்டு பேருமாகத் துடைத்து எண்ணெய் போட்டதை, அறுபத்து நாலு வயதில் ஒற்றையாளாக உடைத்தாள். வெளியே வந்தபோது இடது கையில் கிழிந்த துணி சுற்றியிருந்தது. துணி சிவந்திருந்தது. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ரால்ஃப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டான். "கைக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டான். "கத்தி பட்டுடுச்சு," என்றாள். அவள் ஆயுளில் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொன்னபோது முகம் கழுத்துவரைக்கும் சிவந்தது.

அங்கிருந்து நேராக வீட்டுக்கே போய் நிலவறையில் இறங்கிப் பார்த்தான். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. உடைந்த இரும்பையும் அறுந்த குழாயையும் பெருக்கி ஒரு மூலையில் குவித்திருந்தாள். மேலே வந்து சமையல் மேடையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. தெல்மா கோவாச், மார்ச் 23, காலை 9.40. வந்த காரியம் என்ற கட்டத்தில், 'பாய்லர் வேலை.'

வீட்டை உடைக்க வந்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உடைத்திருக்கிறாள்! எழுதவேண்டும் என்று தாளில் இருந்தது, எழுதினாள். இப்படிப்பட்ட மனுஷியை ஏமாற்றுவதில் என்ன பெருமை இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ரால்ஃபுக்குத் தோன்றவில்லை. தாளை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெற்றுத் தாள் ஒன்றை ஒட்டினான்.

அந்த வாரமே மேற்பார்வை பார்க்க வந்த ஆள் சேதத்தைப் பார்த்துப் புகைப்படம் எடுத்துப் போனான். வீடு ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது. விலை பதினைந்தாயிரம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. தெல்மா அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. ஈஸ்டருக்குச் சுடும் அக்ரூட் பருப்பு ரொட்டியில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு மகளோடு ரால்ஃபின் ஆபீசுக்கு வந்தாள். ஆனால் ஜோலீனின் முகம் இருண்டிருந்தது. சாவி விஷயத்தை அம்மா அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள். வரும் வழியில் அம்மாவை வண்டியிலேயே விட்டு வங்கியில் நுழைந்து கேட்டிருந்தாள்.

"பேங்குல முடியாதுன்னுட்டாங்க," என்றாள் ஜோலீன். "பாய்லர் இல்லாத, தண்ணிக் குழாய் இல்லாத வீட்டுக்குக் கடன் தரமாட்டாங்களாம். முப்பத்தெட்டாயிரம் தர்றேன்னவங்க பதினைஞ்சாயிரத்துக்குத் தரமாட்டேங்கறாங்க!"

"ஆமாம்மா. அதான் கீழ போட்டிருக்கே, கடனுக்குத் தகாதுன்னு. ரொக்கம் வச்சிருக்கறவங்கதான் வாங்கலாம்."

"ரிப்பேருக்கும் சேத்துக் கடன் உண்டாமே?"

"உண்டு. என்னென்ன வேலை, என்ன செலவுன்னு காண்ட்ராக்டர் எழுதிக் குடுக்கணும், பேங்க் ஆள் வந்து பாக்கணும். ரெண்டு மாசம் ஆகும். இந்த மாதிரி வீட்டுக்குக் குடியிருக்கறவங்களுக்குன்னு ஒதுக்கறது அஞ்சே நாள். ஆறாவது நாள் எல்லாருக்கும் திறந்துடுவான்."

தெல்மா ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படின்னா விலை இறங்கியும்…"

"இறங்கி என்னம்மா?" ஜோலீன் ரால்ஃபையே பார்த்தாள். "இந்த விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியும். இல்ல? வீடு கெட்டா எங்களுக்குக் கடன் கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் அந்தச் சாவியை வச்சிட்டுப் போனீங்க."

"எந்தச் சாவி?"

"யோவ், நடிக்காத! நான் அரசாங்கத்துக்கு எழுதிப் போடறேன். உன் நம்பரைப் பிடுங்க வைக்கறேன் பாரு."

ரால்ஃப் கோபப்படவில்லை. மேஜை டிராயரைத் திறந்து மடித்த தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தான்.

"எழுதிப் போடும்மா. இதையும் கூட வச்சு அனுப்பு. உங்கம்மா கையெழுத்துதானே? தேதி, நேரம் எல்லாம் அழகா இருக்கு. மேற்பார்வை ஆள் கண்ணுல படறதுக்கு முன்னாடி நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். எனக்கென்ன தலையெழுத்தா? கோயில்ல கையால பரிமாறின பொம்பளை ஜெயிலுக்குப் போகக்கூடாதேன்னு."

ஜோலீன் தாளைப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்த வரியை அம்மா எதற்காக எழுதினாள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக அவளைத் தெரியும்.

"ஜோ, தம்பி நம்மளக் காப்பாத்தியிருக்கு," என்றாள் தெல்மா மெதுவாக. "வாய்க்கு வந்தபடி பேசாத. நன்றி சொல்லு."

ஜோலீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனாள். போய் வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கி அடித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. தெல்மா ரொட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"சின்னப் பொண்ணு. மனசுல வச்சுக்காத," என்றாள்.

ஆறாவது நாள் டேல் ரொக்கமாக வீட்டை எடுத்தான். கேட்டது ஒரே ஒரு ஆள். தரகன் என்ற முறையில் ரால்ஃபுக்கு அரசாங்கமே கமிஷனும் அனுப்பி வைத்தது. கோடையில் புதுப் பாய்லர் வந்தது, பிளாஸ்டிக் குழாய் வந்தது. தரைக்கு ஒன்றுமே செய்யவேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் 'வாடகைக்கு' என்று ரால்ஃபின் போன் நம்பரோடு முற்றத்தில் பலகை நட்டார்கள்.

நட்ட மூன்றாம் நாள் தெல்மா வந்தாள். தனியாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டிருந்தாள்.

"பலகை பாத்தேன் தம்பி. நானும் ஜோலீனும் வந்துடறோம். கேக்கற வாடகையைக் குடுக்கறோம். அவ இன்னொரு ஷிஃப்ட் எடுத்துக்கறேன்னா. அவளுக்கு இன்னும் உன் மேல வருத்தம்தான், ஆனா வீடுன்னதும் சரின்னுட்டா."

கொடுத்தால் என்ன என்று ரால்ஃப் ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தான். மாசம் தவறாமல் வாடகை வரும், வீடு கண்ணாடி மாதிரி இருக்கும், இவளைப் போல் ஒரு குடித்தனக்காரி ஏழு ஊரில் தேடினாலும் கிடைக்கமாட்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் வாய் நீளம். உள்ளே குடியேறிய பிறகு யாருடைய வீடு, யார் வாங்கினான், யார் மைத்துனன் என்று ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தால்? ரால்ஃப் ஒரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான்.

"இதுக்கு முன்னாடி இருந்த வீட்டு ஓனர் பேரு?"

"மருந்துக்கடைக்காரர். அங்க வந்து ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருஷம் இதே வீடுதானே."

"வீட்டை எப்படி வச்சிருந்தீங்கன்னு அந்த ஓனர் ஒரு லெட்டர் தரணும்கா."

"நாங்கதானே தம்பி ஓனர்."

"அதான் சிக்கல்." பேனாவைக் கீழே வைத்தான். "சுத்தி வளைக்காம சொல்லிடறேன். டேல் ஒத்துக்கமாட்டான். பாய்லரை உடைச்ச ஆளுக்கே அந்த வீட்டை வாடகைக்கு விடுன்னு நான் எந்த மூஞ்சியோட அவன்கிட்ட கேப்பேன்?"

தெல்மா கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னதைக் கேட்டுத்தானே தம்பி…"

"நான் என்ன சொன்னேன்?" ரால்ஃபின் குரல் உயரவேயில்லை. "உடைங்கன்னு சொன்னேனா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோயில்ல ஊழியம் பண்றவங்க நீங்க. பொய் சொல்லமாட்டீங்க."

வேறு யாராக இருந்தாலும் 'சொன்னாய், சொன்னாய்' என்று மேஜையைத் தட்டிக் கத்தியிருப்பார்கள். தெல்மா கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் பேசியதை முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது. நோவாக் வீடு. பதினாலாயிரம். அரசாங்கச் சொத்து, சேதப்படுத்தினால் ஜெயில். அவன் காதைப் பொத்திக்கொண்டது. எங்கே தேடியும் அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ரால்ஃப் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். அவள் எங்கே வந்து முடிப்பாள் என்பதில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

தெல்மா கண்ணைத் திறந்தாள்.

"இல்ல," என்றாள். "நீ சொல்லல. வேணாம்னுதான் சொன்னே. நாந்தான் உடைச்சேன்."

"பாருங்க."

"ஆமா தம்பி." எழுந்து நின்றாள். நாற்காலியை முன்பு இருந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். "ஜோலீன் சொல்லிச் சொல்லி இத்தனை நாளா உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடு."

ரால்ஃப் மன்னித்தான். அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, வெளியே பெஞ்சில் படிவத்தோடு காத்திருந்த இளம் தம்பதியை உள்ளே வரச் சொன்னான்.